ஏழு சரிவுகளுக்கு ஒரு பரீட்சை

தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. மைசூரில் பிறந்து வளர்ந்த எனக்கு வீட்டில் பேசுகிற தமிழே பாதி கன்னடம். ஆனாலும், மொட்டையான மலைகளைச் சீர்ப்படுத்தும் ஒரு திட்ட அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்த மூன்றாம் மாதமே, காட்டோரத் தமிழ் ஊர்களுக்குப் போகிற ஜீப்பில் என்னை ஏற்றிவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் அது.

மாதேஸ்வரன் மலைப் பக்கம் ஏழு சரிவுகள் பட்டியலில் இருந்தன. மரமும் போய், புல்லும் போய், பாதி இடத்தில் உண்ணிச்செடி, மீதியில் வெறும் பாறை. நட ஆளும் மரக்கன்றும் இரண்டு சரிவுகளுக்குத்தான் காணும். எந்த இரண்டு என்று தீர்மானிக்க ஒரு படிவம் வைத்திருந்தார்கள். மண் எவ்வளவு மிச்சம், ஊற்று உண்டா, ஜனங்கள் அந்த மலையை நம்பிப் பிழைக்கிறார்களா, நட்டால் கன்றுக்குப் பாதுகாப்பு இருக்குமா என்று கட்டம் கட்டமாக மதிப்பெண். மலைக்குப் பரீட்சை வைக்கிறோம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

கடைசி ஊரில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் என்னைத் தனியாக ஊற்றுக்குக் கூட்டிப்போனார். ஒரு குடம் நிறையும் வரை நின்றோம். கால் வலித்துவிட்டது.

"மேல மரமிருந்தப்ப சித்திரையிலயும் நிக்காதுங்க அம்மிணி. இப்ப மாசியிலயே சொட்டுதுங்க. இதும் நின்னுபோச்சுன்னா ஊரக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானுங்க."

இந்தச் சரிவு தேறிவிடும் என்றே நினைத்தேன். மண்ணுக்கும் ஊற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாயிற்று. ஊரார் பதிலை வைத்து நிரப்பும் கட்டங்கள்தான் மிச்சம். ஊரார் புளியமரத்தடியில் கூடியிருந்தார்கள். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இந்த மலைக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நாங்க மலைப்பக்கமே போறதில்லீங்க" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் விறகு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. ஊற்றைக் காட்டிய பெண்ணும் என் முகத்தைப் பார்க்காமல் "இல்லீங்க" என்றார்.

பக்கத்திலேயே நின்ற எங்கள் ஜீப்பின் முன் இருக்கையில் வழிகாட்ட வந்த வனக்காவலர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். காட்டில் தேடுதல் வேட்டை நடந்த அந்த வருஷங்களில் அந்தப் பக்கம் காக்கியைக் கண்டால் குழந்தைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். அவரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட எங்கள் புத்தியை எதால் அடிப்பது? பொய் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன்.

மலையை நம்பிப் பிழைக்கும் கட்டத்தில் பூஜ்யம். சரிவு மூன்றாவதாகப் போயிற்று. மலைக்கோயிலுக்குப் போகும் பஸ் ரோட்டோரச் சரிவு அதை முந்திக்கொண்டது. அங்கே கடைக்காரர்கள் காவலருக்கே டீ கொடுத்தபடி, ஆமாம், அடுப்பெரிவது மலை விறகில்தான் என்று தாராளமாகச் சொல்லியிருந்தார்கள்; காவலர் கண்ணெதிரே இருக்கும் இடம் என்று பாதுகாப்புக்கும் மதிப்பெண் விழுந்தது. ஊரார் மலையைச் சார்ந்து வாழவில்லை என்பதால் தங்கள் சரிவு தேர்வாகவில்லை என்று தமிழில் ஒரு கடிதம் அனுப்பினோம். அதையும் நான்தான் தட்டினேன்.

பத்து நாளில் அந்தப் பெண் பஸ் பிடித்துக் கொள்ளேகாலில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஊரார் கைரேகை வைத்த காகிதம்.

"நாங்க சொன்னது பொய்யிங்க அம்மிணி. விறகு வெட்டறோம், ஆடு மேய்க்கறோம். எல்லாத்தையும் எழுதிக் கொண்டாந்துட்டேன்."

காகிதத்தை வாங்கி, முறைப்படி வரவு முத்திரை குத்தி, அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர்தான். நிதானமாகப் படித்தார். பட்டியல் மேலே போய்விட்டது என்றார். போகாவிட்டாலும் பயனில்லை, இப்படி வெட்டி மேய்க்கிற இடத்தில் கன்று பிழைக்காது, பாதுகாப்புக் கட்டத்தில் பூஜ்யம் விழும் என்றார். கோப்பில் வைக்கச் சொன்னார்; வைத்தேன்.

வெளியே வந்து, "லிஸ்ட் முடிஞ்சு போச்சுக்கா" என்றேன். அதிகாரி சொன்ன மற்றதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப நாங்க என்ன சொல்லியிருந்தா கெடச்சிருக்குமுங்க?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"செரி. அந்தக் காயிதத்தையாச்சும் குடுத்துருங்க. ஊரே ரேகை வெச்சிருக்குது. ஃபாரஸ்ட்டுக்காரங்க கையில சிக்குனா அத்தன பேர்த்தையும் புடிச்சுட்டுப் போயிருவாங்க."

முத்திரை விழுந்த காகிதத்தைத் திருப்பித் தர வழியில்லை என்றேன். அவர் சண்டை போடவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். அடுத்த வருஷம் ஊற்று நின்றுவிட்டது, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று டிரைவர் வந்து சொன்னார்.

வழியில்லை என்று நான் சொன்னது பொய். அவர் காகிதத்தைக் கேட்டபோது எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கோப்பு அலமாரியின் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.