தாழம்பூ சொன்ன சாட்சி

தாழம்பூவை இப்போது யாரும் தலையில் வைப்பதில்லை. மல்லிகை, பிச்சி போலச் சொன்னபடி கேட்கிற பூ இல்லை அது. மடலின் ஓரமெல்லாம் முள். பறித்தால் கை கிழியும், வைத்தால் கழுத்தில் குத்தும். ஆனாலும் எனக்குப் பிடித்த பூ அதுதான். பிடித்த பூ என்று சொல்கிறேனே தவிர, நான் அதை வைத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த ஒரு நாளைத்தான் எழுதப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட கை. வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. அரிசியும் சீனியும் ரேஷன் கார்டுக்குத்தான். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அண்ணன் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு இருந்தான். எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. கல்யாணம் முடிந்து நாலு மாதம் மதினியோடு இருந்துவிட்டுப் போனவன் மூன்று வருஷமாக வரவில்லை. சண்டையால் வர முடியவில்லை என்றார்கள். சண்டை முடிந்தும் வரவில்லை. அதற்கு என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

மதினி திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊர்க்காரி. எனக்குத் தலை வாருவது, பேன் பார்ப்பது, பக்கத்தில் படுக்கப்போட்டுத் தட்டிக்கொடுப்பது எல்லாம் அவள்தான். அம்மாவுக்கு என்மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு நேரம் இல்லை, மதினிக்கு நேரம் இருந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து கடுதாசி வரும். அப்பா கடையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உரக்கப் படிப்பார். மதினி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடுதாசி எப்போதும் ஒரே மாதிரி முடியும்: ‘அவளையும் மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.’ அந்த இடம் வந்ததும் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். மறுநாள் எப்பாடு பட்டாவது ஒரு தாழம்பூ வாங்கி, அண்ணனுடைய பெட்டியைத் திறந்து, மடித்த வேட்டிகளுக்கு நடுவே மடலைக் கிழித்து வைப்பாள். வந்து உடுத்தும்போது வாசமாக இருக்க வேண்டுமாம். மீதி மடல் எனக்கு.

ஒரு தடவை மதினி கடற்கரைக்குப் போய், கொழும்புத் தோணியில் வந்த ஒருவரிடம் அண்ணனைப் பற்றி விசாரித்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விசாரித்த விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் என்னை வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

“இனி ஒருவாட்டி அங்கன போய் நின்னியன்னா, நேரே ஒங்கம்மை வீட்டுலதான் கொண்டு விடுவேன். புருசன் கடுதாசி போடுதான், அப்புறம் என்ன விசாரண?”

மதினி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். பயம் எனக்குத்தான். மதினியைக் கொண்டு விட்டால் நான் யார் பக்கத்தில் படுப்பேன்?

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை, அம்மா ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தாள். திரும்ப இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெரு முனை திரும்பியதும் மதினி என் கையைப் பிடித்தாள்.

“ஏளா, என்கூட ஒரு எடத்துக்கு வாரியா? வந்தா தாழம்பூ தாரேன்.”

உப்பளத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்தோம். கடலை ஒட்டித் தாழைப் புதர். அதன் பக்கத்தில் ஓலை வேய்ந்த ஒரு வீடு. தோணியை நடத்திப் போகும் தண்டலின் வீடு அது. மாதாகோயில்காரர்கள். வாசலில் சங்கு குவிந்து கிடந்தது, சதை அழுகிய நாற்றம் குடலைப் பிடுங்கியது. தண்டலின் பெண்சாதி கழுத்தில் சிலுவைக் கயிற்றோடு வந்தாள்.

“வா தங்கச்சி. நேத்துத்தான் அவுக தோணி வந்துச்சு. நீ சொல்லிவிட்டபடி விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்காக.” பிறகு என்னைப் பார்த்தாள். “இது அவன் தங்கச்சியா? மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு. நீ இங்கனயே வெளயாடு தாயி.”

அண்ணன் கொழும்புக்குப் போனது இவர்கள் தோணியில்தானாம்; அது தெரியாமல், இவளுக்கு அவன் மூக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். உள்ளே தண்டலின் குரல் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு. நான் நண்டு வளையில் குச்சியை விட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நண்டு பிடித்து மூன்றையும் விட்டுவிட்டேன். மதினி வெளியே வந்து, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். தண்டலின் பெண்சாதி அரிவாளை எடுத்துப்போய்ப் புதரில் ஒரு பூவை வெட்டி என்னிடம் கொடுத்தாள். மதினி தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில், இப்போதே வைத்துவிட வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். மற்ற நாளாக இருந்தால் மதினி சம்மதித்திருக்க மாட்டாள். அன்றைக்கு மணலில் உட்கார்ந்துவிட்டாள். முள்ளை நகத்தால் கிள்ளி எடுத்து, மடலை விரல் அகலத்துக்கு மடித்து, ஒவ்வொன்றாகச் சடையில் செருகினாள். நான் முன்னால், அவள் பின்னால். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

“மதினி, இந்தப் பூவுக்கு மட்டும் ஏன் இம்புட்டு முள்ளு?”

“பொய்ச்சாட்சி சொல்லிச்சு, அதான்.”

பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். சிவன் அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக நின்றார். முடியைப் பார்த்துவருகிறேன் என்று பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார். பறந்து பறந்து சலித்த நேரத்தில், சிவன் தலையிலிருந்து கழன்ற தாழம்பூ கீழே வந்துகொண்டிருந்தது. எத்தனையோ காலமாக விழுந்துகொண்டே இருந்ததாம். ‘நான் முடியைப் பார்த்துவிட்டேன் என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்’ என்று கேட்டார் பிரம்மா. பூவும் சொல்லிவிட்டது. சிவனுக்குத் தெரியாதா? பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது. தாழம்பூவுக்குச் சிவன் கோயில் வாசல் அடைத்துப் போனது.

“பாவம் மதினி. பெரியவுக சொல்லச் சொன்னா அது என்ன செய்யும்?”

மதினியின் கை சடையிலேயே நின்றது. “ஆமா, அது என்ன செய்யும்” என்றாள். அப்புறம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “ஏளா, வீட்டுல கேட்டா அம்மன் கோயிலுக்குப் போனோம்னு சொல்லு. அங்கன பூக்காரிகிட்ட பூ வாங்குனோம்னு சொல்லு.”

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா எங்களுக்கு முன்னால் வந்து, தலை குளித்து, ஈரக் கூந்தலோடு வாசலில் நின்றாள்.

“ரெண்டு பேரும் எங்க போனிய?”

மதினி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அம்மன் கோயில் எங்கள் தெருவிலேயே இருந்தது. போய்வர இவ்வளவு நேரம் ஆகாதே என்று அந்த வயதில் எனக்குப் பெரிய யோசனை. அன்றைக்குத் திங்கட்கிழமை வேறு. மதினியைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகத்தில் கோயிலை மாற்றிவிட்டேன்.

“சிவன் கோயிலுக்கும்மா. மூணு சுத்துச் சுத்தினோம். அதான் நேரமாயிட்டு.”

அம்மா என்னைத் திருப்பி நிறுத்தினாள். சடையைத் தூக்கிப் பார்த்தாள்.

“தாழம்பூவ வச்சிக்கிட்டா சிவன் கோயிலுக்குள்ள போன? எந்தக் குருக்கள் ஒன்னய உள்ள விட்டாரு? புதுசா வந்தவரோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாழிகைக்கு முன்னால் கேட்ட கதை. தேவலோகத்தில் பொய் சொன்ன பூ என் தலையில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டது. நான் ஓடிப்போய் மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். கொண்டு விட வேண்டுமானால் என்னையும் சேர்த்துக் கொண்டு விடட்டும் என்று.

மதினி நிமிர்ந்துதான் நின்றாள். “அவ மேல தப்பு இல்ல அத்த. நான்தான் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். தண்டல் வீட்டுக்குப் போயிருந்தேன். நேத்துத் தோணி வந்திருக்கு. எல்லாம் சொன்னாக.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடியோ சத்தமோ வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“சோறு வடிச்சிட்டேன். ரெண்டு பேரும் கால கழுவிட்டு வாங்க” என்றாள்.

அவ்வளவுதான். ஏன் போனாய், என்ன சொன்னார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மதினியை யாரும் எங்கும் கொண்டு விடவில்லை. நான் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் அம்மா மனம் இரங்கிவிட்டாள் என்று எனக்குள் ஒரு பெருமை. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் நடந்தேன்.

அதற்குப் பிறகும் மாதாமாதம் கடுதாசி வந்தது. அப்பா உரக்கப் படித்தார். மதினி மட்டும், படிக்க ஆரம்பித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவாள். அந்தக் கடைசி வரியைக் கேட்க அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. இருந்தும் கொஞ்ச காலம் அப்பா அதைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு, கடுதாசிகளைக் கோத்து வைத்திருந்த கம்பியிலிருந்து உருவி எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லாரையும் பேர் சொல்லிக் கேட்டிருந்தான் அண்ணன், என்னைக்கூட. ‘அவளையும் மிகவும் கேட்டதாக’ என்ற வரி ஒன்றில்கூட இல்லை. ஒரு கடுதாசியில் ‘இங்கே பிள்ளைக்குப் பல் முளைக்கிறது’ என்று இருந்தது. மதினிக்குத்தான் பிள்ளை இல்லையே, இது எந்தப் பிள்ளை என்று மலைத்தேன். கேட்கப் பயம். திரும்பக் கம்பியில் கோத்துவிட்டேன். அது விளங்க இன்னும் சில வருஷம் ஆயிற்று.

மதினி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளும் அம்மாவும் சேர்ந்து நெல் அவித்தார்கள், அப்பளம் போட்டார்கள், என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இருவரும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தாழம்பூ மட்டும் வீட்டுக்குள் வரவில்லை.

அன்று சாயங்காலம் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னை மடியில் இழுத்துப்போட்டு, சடையிலிருந்த மடல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். குப்பையில் போடப்போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. அண்ணன் பெட்டிப் பக்கமும் போகவில்லை. மதினியின் சின்னத் தகரப் பெட்டியைத் திறந்து, அவளுடைய நாலு சேலைகளுக்கும் நடுவே மடல்களை ஒவ்வொன்றாக வைத்து, கையால் நீவிவிட்டு மூடினாள். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் மூடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நல்ல பூ, வீணாய்ப் போகக் கூடாதென்று எடுத்து வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.