எருமப்பட்டியிலிருந்து சேலம் வரை: இல்லாத பிள்ளைக்குக் கிடைத்த இடம்

போன வாரம் ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள். வயிறு இன்னும் உள்ளே போகவில்லையாம். சேலத்தில் விலகிப்போன வயிற்றுச் சதையைச் சேர்த்துத் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாளாம். “அம்மா, காலையில் பஸ் ஏறினால் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிட முடியுமா? ஆபரேஷன் செய்துகொண்டால் பஸ்ஸிலேயே வரலாமா?” இவ்வளவுதான் கேள்வி. ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்கு எந்த பஸ், கொல்லிமலைக்கு எத்தனை வளைவு என்று எழுதிக்கொண்டிருக்கிற என்னிடம் வந்து இதைக் கேட்கிறாள் பாருங்கள்! ஆனால் சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாள். இதே வேலையாக இதே சாலையில் நானும் போனேன். 1985, ஆவணி மாதம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மூத்தவளுக்கு ஐந்து. அடுத்து இரட்டை, இரண்டும் பெண். அவர்களுக்கு ஒன்றரை வயது. இரட்டையைச் சுமந்த வயிறு பிறகு வயிறாகவே திரும்பவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மா மூச்சு முட்டுகிற மாதிரிதான் கட்டினாள். அப்படியும் சரியாகவில்லை. படுத்திருந்து எழுந்தால் நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் வரை வரப்பு மாதிரி ஒன்று புடைத்து நிற்கும். குடத்தைத் தூக்கினால் தொப்புள் பிதுங்கும். இடுப்புவலி காலையில் என்னோடு எழுந்து ராத்திரி என்னோடு படுக்கும். பார்த்தவர்களெல்லாம் ஒரே பாட்டுத்தான்: “கட்டச் சரியா கட்டலயாட்ட இருக்குது.” உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, “எத்தன மாசம்?” என்கிற கேள்வி. சந்தையில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் அதே கேள்வி. ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், “மாசமா இல்லீங்க” என்று. கேட்ட அம்மா முகம் வெளுத்துப்போய், “அய்யோ சாமி, அப்ப கட்டியா?” என்றாள். அதோடு உண்மை பேசுவதை விட்டுவிட்டேன்.

கடலைக்காய் அறுவடை முடிந்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். எதற்குப் போகிறோம் என்று அவரிடம் பாதிதான் சொல்லியிருந்தோம்; இடுப்புவலிக்கு என்று. காலை ஆறு மணி பஸ். எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், ஆனால் வெங்காய மூட்டையும் பால்கேனும் ஏறி இறங்கி, போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளில் அந்நேரத்துக்கே சுத்தியல் சத்தம். தலைவலியோடு சேலம் பஸ்ஸில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது பெரிய காசு.

பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், குரல் கொடுத்தார். “ஏனுங்க, மாசமா இருக்கறவீங்க நிக்கறாங்க. யாராச்சும் எந்திரிங்க!” நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி நிற்கும்போது உட்கார்ந்திருப்பதைப் பாவமென்று நினைக்கிற சனங்கள். இல்லை என்று சொல்லி விளக்குவதற்கு எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ராசிபுரம் போகிற ஓர் அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். பஸ் புதன்சந்தையைத் தாண்டியதும் மடியிலிருந்து கொய்யாக்காயை எடுத்தார், உப்பு மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை எடுத்தார், கடிக்கப்போனவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இந்தா அம்மணி, மொதல்ல நீ தின்னு. முழுகாம இருக்கறவ பாக்கத் தின்னா எனக்குச் செரிக்காது.”

வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

“இது எத்தனாவது?”

“மூணு இருக்குதுங்க. மூணும் பொண்ணு.”

அந்தம்மா என் வயிற்றை உற்றுப் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி சாய்ந்து, பக்கவாட்டிலும் பார்த்தார். “கவலப்படாத. இது பையந்தான். முன்னுக்குக் கூம்பி நிக்குது பாரு. பொட்டப்புள்ளைன்னா ரெண்டு பக்கமும் அகண்டுரும். எழுதி வெச்சுக்க!”

நான் தலையை நிமிர்த்தினேன். இரண்டு வரிசை தள்ளிக் கம்பியைப் பிடித்து நின்ற என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். கேலிச் சிரிப்பில்லை. மகன் பிறந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்துமே சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராசிபுரத்துக்குப் பிரிகிற ஆண்டகளூர் கேட்டில் அந்தம்மா இறங்கும்போது என் தலையில் கைவைத்து, “நல்லபடியா பெத்துப் பொழைச்சு வா சாமி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

மல்லூர் தாண்டி, ஜருகுமலையை ஒட்டிச் சேலத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி; பேர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடமே இல்லை. வாசலில் நர்சம்மா நான் வாயைத் திறப்பதற்குள், “வலது பக்கம் பெஞ்சுல போய் உக்காரும்மா” என்றார். போய் உட்கார்ந்தேன். அங்கே வரிசையாக எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது கர்ப்பிணிகள் பெஞ்சு என்று! ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே வித்தியாசம் தெரியாத வயிறு. என் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சொல்லி, இடது பக்கம் மாற்றி உட்கார வைத்தார். அங்கே கால் முறிந்தவர்களுக்கும் குடலிறக்கக்காரர்களுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் பொம்பளை.

டாக்டர் பெரியவர், நிதானமாகப் பேசினார். படுக்கச் சொல்லி, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். வரப்பு எழுந்தது. நடுவில் விரலை வைத்து அழுத்தினார். நாலு விரல் உள்ளே போயிற்று.

“ரெண்டு பக்கத்துச் சதையும் நடுவுல பிரிஞ்சு போச்சும்மா. இரட்டைப் பிள்ளை சுமந்தா சிலருக்கு இப்படி ஆகும். கட்டு கட்டாததால வந்தது இல்லை.”

ஒன்றரை வருஷமாக ஊரே சொன்னதற்கு ஒரே வாக்கியத்தில் பதில். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன், படுத்தபடியே.

“தொப்புள்ல லேசா பிதுக்கம் இருக்கு. இப்ப உயிருக்கு ஆபத்து இல்லை. வேணும்னா சதையைச் சேர்த்துத் தைச்சுடலாம், இடுப்புவலியும் குறையும். ஆனா மூணு மாசம் குடம், பிள்ளை எதையும் தூக்கக் கூடாது.” பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “இன்னொண்ணு. இனிமே குழந்தை வேண்டாம்னா மட்டும்தான் இதைச் செய்யணும். தைச்ச பிறகு இன்னொரு பிள்ளை சுமந்தா எல்லாம் பழையபடி பிரிஞ்சுரும். என்ன சொல்றீங்க?”

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். “ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கிளப்புக்கடையில் சாப்பாடு. சோறு சூடு, குழம்பு வெறும் உப்பு. அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரே ஒருக்கா பாத்துரலாமா? அதுக்கப்பறம் தைச்சுக்கலாம்.”

“ஒருக்கா பாக்கறதுன்னா யாருங்க பாக்கறது? நீங்களா?”

“அம்மா ஆசப்படறாங்க...”

“உங்கம்மாவுக்கு ஆசை, உங்களுக்கு ஆசை. பஸ்ஸுல வந்தாளே, பேர்கூடத் தெரியாது, அவளுக்கும் ஆசை. எனக்கு நேரா நிக்கணும்னு ஆசைங்க. அது ஒண்ணுதான்.”

  மோரை ஊற்றிப் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

திரும்பும் பஸ் மூன்றரை மணிக்கு. வெயில், கூட்டம், வியர்வை. அதே கதை மறுபடியும். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த, வெண்ணந்தூர்ப் பக்கத்துக்காரர் போலிருந்த ஒரு பெண்மணி, என்னைப் பார்த்ததும் எழுந்தார். “வா கண்ணு, வவுத்துப் புள்ளையோட எத்தன தூரம் நிப்ப?”

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அசதி தலைக்கேறினால் வெட்கம் இறங்கிவிடும் போலிருக்கிறது. பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னேன்: “வவுத்துல புள்ள இல்லீங்க. கட்டியும் இல்லீங்க. மூணு பெத்த வவுறு, பிரிஞ்சு கெடக்குது. இனிப் பெக்கற தெம்பு எனக்கில்ல. ஆனா உக்காரணுமுங்க. இடுப்பு உட்டுப்போச்சு.”

 கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. அந்தப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்கார்ந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன். என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

“பெக்கப் போறவளுக்கே எந்திரிக்கறோம். மூணு பெத்தவளுக்கு எந்திரிக்க மாட்டமா? உக்காரு.”

அன்றைக்கு இரண்டாவது முறையாக ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இந்த முறை மறைக்கவில்லை.

நாமக்கல்லில் இறங்கி எருமப்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “காத்தால சிரிச்சுட்டேன். நீ பாத்துட்ட.”

“பாத்தேன்.”

“தை மாசம் முடியட்டும். வந்து தைச்சுக்கலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

சொன்னார். சொன்னதும் எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். என் மாமியார் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. “வம்சத்தத் தைச்சுப் போட்டு வந்துட்டா” என்று உறவுக்காரர்களிடம் சொல்லி அழுதார். ஆனால் மாசியில் ஆபரேஷன் முடிந்து வந்தபோது எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டதும் அவர்தான், பேசாமலே. குடம் தூக்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டி, பொம்பளைகள் நிற்கிற குழாயடிக்குப் போனார். “என்னுங்க மாப்ள, நீங்க எத்தன மாசம்?” என்று கேலி பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சரி, அம்மணி, உன் கேள்விக்கு வருகிறேன். டாக்டரைப் பார்க்க மட்டும் என்றால் ஒரே நாளில் போய்வரலாம்; இப்போது நாலுவழிச் சாலை, ராசிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சேலம். காலையிலேயே போய்விடு, வரிசை குறைவு. எந்தப் பெஞ்சு என்று கேட்டுவிட்டு உட்கார். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். நீ போய்க் கேட்டுவந்து சொன்னால் அது உன் பேச்சாகிவிடும். வெறும் பயிற்சியிலேயே சரியாகும் வயிறும் உண்டாம், அதையும் கேள். வயிறு பலகை மாதிரி ஆகிவிடும் என்று நம்பாதே. எனக்கு ஆகவில்லை. தழும்பு இன்றைக்கும் மழைக்காலத்தில் அரிக்கிறது. செய்துகொள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வயிறு உன்னுடையது. ஆபரேஷன் செய்துகொண்டால் திரும்பும்போது பஸ் வேண்டாம், கார் வைத்துக்கொள். அந்தக் காலத்தில் நாங்கள் வாடகைக் காரில்தான் வந்தோம், ஒவ்வொரு குழிக்கும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் காட்டுவதற்கு மறுபடி சேலம் பஸ் ஏறினோம். நாமக்கல்லிலேயே கூட்டம். கண்டக்டர் என்னைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், போய்விட்டார். யாரும் எழவில்லை. யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. புதன்சந்தை போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. என் வீட்டுக்காரருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. “யாரையாச்சும் எந்திரிக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

நறுக்கென்று கிள்ளினேன். “பேசாம வாங்க. நிக்கறேன்.”

சேலம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.