கோவளத்துக்குப் போன பனங்கிழங்கு மாவும் திமில் வைத்த மேடலினும்

எனக்குக் கோதுமை ஆகாது. பரோட்டா, பன், கேக் எதுவும் ஆயுசுக்கும் கூடாது என்று இரண்டு வருடம் முன்பு டாக்டர் சொல்லிவிட்டார். பரோட்டாவைக்கூட மறந்துவிட்டேன். நாலு மணி டீயோடு ஒரு துண்டு கேக் இல்லாமல் இருப்பதற்குத்தான் இன்னும் பழகவில்லை. இதெல்லாம் ஒரு துக்கமா என்று கேட்பவர்கள் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். அதனால்தான் இந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை, கேக் சுடுவதற்கென்றே செங்கல்பட்டிலிருந்து கோவளத்துக்குக் கிளம்பினேன்.

கோவளத்தில் என் கல்லூரித் தோழி நஸ்ரீன் இருக்கிறாள். அலைச்சறுக்குக் கற்க வந்து அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு பிரெஞ்சுப் பெண், ஊர் திரும்பும்போது சிப்பி வடிவில் பன்னிரண்டு குழி உள்ள தட்டு ஒன்றை விட்டுப்போயிருந்தாள். அதில் சுடும் குட்டிக் கேக்குக்கு மேடலின் என்று பெயர். டீயோடு தின்பார்களாம். ஒரு பக்கம் சிப்பி வரி, மறுபக்கம் முதுகில் ஒரு திமில். திமில் எழும்பினால்தான் கேக் சரியாக வந்தது என்று அர்த்தம்.

மாவுக்கு என் யோசனை பனங்கிழங்கு. பொங்கலுக்கு வாங்கியதை வேகவைத்து, நாரெடுத்து, வில்லைகளாக நறுக்கி மொட்டைமாடியில் காயவைத்திருந்தேன். அதில் கொஞ்சம் மிக்சியில் அரைத்து வீட்டிலேயே ஒருமுறை சுட்டேன். அடை மாதிரி சப்பையாக வந்தது. மாவு நைஸாக இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

காலை 7.40க்குப் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், சுமார் முப்பது கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே ஈ.சி.ஆர். பேருந்து மாறினால் இன்னும் இருபது கிலோமீட்டர். மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

ஆட்டோக்காரர் என் பையை மோந்து பார்த்தார். "இன்னாமா, கருவாடா?"

"பனங்கிழங்கு."

"இங்கேர்ந்து கருவாடு வாங்கினு போவாங்க. பனங்கிழங்க தூக்கினு வந்தவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

கடைத்தெரு மாவு மில்லில் அரை கிலோ வில்லை கொடுத்தேன். மீதியைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அரைத்து வாங்கிப் போய் நஸ்ரீன் வீட்டுத் தராசில் வைத்தால் அறுநூற்றைம்பது கிராம்! மில்லுக்குப் போன எதுவும் குறைந்துதான் வீடு திரும்பும். "கடல் காத்து இல்லியா, ஈரம் ஏறிக்கீதுடி" என்றாள் நஸ்ரீன். அறிவியல் பட்டம் வாங்கிய நானும் தலையாட்டினேன்.

முட்டையும் சர்க்கரையும் நுரைக்க அடித்து, எலுமிச்சைத் தோல் துருவிப் போட்டு, மாவும் பேக்கிங் பவுடரும் சேர்த்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தோம். ஓவனில் பத்து நிமிடம். கண்ணாடி வழியே பார்த்தால் பன்னிரண்டு குழியிலும் திமில்! இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சூட்டோடு ஐந்து தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சூட்டினால் அல்ல.

மூன்று மணிக்கு முட்டுக்காடு படகுத் துறைக்குப் போனோம். அரை மணி நேரச் சவாரி, பாதியிலேயே வயிறு முறுக்கியது. இரண்டு வருடமாக வராத அதே முறுக்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பனங்கிழங்கைப் பத்து நாளாகத் தின்கிறேன். முட்டை, வெண்ணெய் தினமும்தான் சேர்க்கிறேன். வீட்டுக்கு வந்து நஸ்ரீன் பேக்கிங் பவுடர் டப்பா முதற்கொண்டு திருப்பித் திருப்பிப் படித்தாள். பனங்கிழங்கும் ஆகாமல் போய்விட்டால் இனி எதைத் தின்பது? பயமாக இருந்தது. அப்போதுதான் அந்த நூற்றைம்பது கிராம் உறைத்தது.

உடனே மில்லுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். மில்காரர் ஒளிக்கவே இல்லை. "அரை கிலோவ போட்டா பாதி மிஷின்லயே ஒட்டிக்கும்மா. அதான் முன்னாடி ஓட்டின மாவோட மிச்சத்த வழிக்காம, அதோட சேத்து வுட்டேன். கம்மியா எடுத்துனு வந்தா எல்லாருக்கும் அப்டித்தான். கொறஞ்சா வூட்ல போயி திட்டுவீங்கல்ல?"

"முன்னாடி என்ன அரைச்சீங்க அண்ணே?"

"கோதுமதான்."

அவரிடம் சண்டை போட என்ன இருக்கிறது? நன்மை செய்வதாக நினைத்துத்தான் செய்தார்.

அன்றிரவு மோரும் கஞ்சியும் குடித்து அங்கேயே தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தேய்த்துக் கழுவி, மீதி வில்லையை மிக்சியில் அரைத்து, புதுத் துணியில் சலித்துச் சுட்டோம். திமில் வரவில்லை. சப்பை. ஆனால் ஓரம் மொறுமொறுவென்று, எலுமிச்சையும் கிழங்கும் மணக்க, டீயில் நனைத்தால் நன்றாகவே இருந்தது. வயிறும் பேசாமல் இருந்தது. முந்தின நாள் திமில் கோதுமையால் வந்ததா, மில்லின் நைஸால் வந்ததா, இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

என்னைப் போன்றவர்கள் போவதாக இருந்தால் மாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுபோங்கள். மில்லுக்குப் போயே ஆகவேண்டும் என்றால் "முன்னாடி என்ன ஓடுச்சு?" என்று கேளுங்கள். கூடுதலாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். படகுக்கு முன்னால் எதையும் புதிதாகத் தின்னாதீர்கள்.

மற்றபடி, எனக்கு ஒரே ஒரு வருத்தம். இந்த ஆயுசில் நான் தின்னும் கடைசிக் கோதுமைக் கேக் அந்த ஐந்துதான் என்று தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தின்றிருப்பேன்.