நெறிக்காவலரின் குரல்

என் மாமனாரின் குரலை நான் முதன்முதலில் கேட்டது ஒரு வீடியோ கேமில். அப்போது அவர் என் மாமனார் இல்லை. அவர் யார், எந்த ஊர் என்பதுகூட எனக்குத் தெரியாது.

பெங்களூரில் ஒரு சிறிய கேம் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். விளையாட்டு வெளியாவதற்கு முன் அதை விளையாடிப் பார்த்து, எங்கே சிக்குகிறது, எங்கே உறைந்து நிற்கிறது என்று எழுதி அனுப்புவது என் வேலை. துறையூரில் வெங்காயமும் பருத்தியும் போடுகிற என் அப்பாவுக்கு, இதற்கெல்லாமா சம்பளம் கொடுப்பார்கள் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

அந்த கேம் சில நூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. விளையாடுகிறவர் ஒரு ஓடக்காரி. நெறிக்காவலர் என்ற கூட்டத்துக்குப் பயந்து ஓடி வருகிறவர்களை அவள் அக்கரை சேர்க்க வேண்டும். சமயத்தின் பெயரால் ஊரை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. கூடாத கிணற்றில் தண்ணீர் எடுத்தவன், கூடாத வீட்டில் பெண் எடுத்தவன், கூடாத பாட்டைப் பாடியவள், யாராக இருந்தாலும் மணியடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கூரைக்குத் தீ வைப்பார்கள், நெற்றியில் சூடு போடுவார்கள். கெஞ்சினால் நின்று கேட்பார்கள், கேட்டு முடித்துவிட்டுச் செய்வார்கள்.

அவர்களுடைய தலைவர் கிழவர். கம்பைத் தூக்க மாட்டார். ஓடத்துறையில் நாம் பிடிபட்டால் மட்டும் முன்னால் வந்து, நெறியின் பேரைச் சொல்லிவிட்டுப் பேசுவார். "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, மகளே. ஆனால் இந்தக் கரையில் உனக்கு இடம் இல்லை." அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். துறையை எத்தனை விதமாகச் சோதிக்க முடியுமோ அத்தனை விதமாகவும் நான் பிடிபட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் என்னை மகளே என்றுதான் கூப்பிட்டது. கத்தாத, அவசரப்படாத, சொற்களை வருடிவிடுவது போன்ற குரல். ஒரு நாள் வேலைக் குழுவில், இவர் எந்த நடிகர் என்று கேட்டேன். ஒலிப்பதிவு பார்த்துக்கொண்டிருந்தவர், எங்க அப்பாதாங்க, ஸ்ரீரங்கம், என்று பதில் போட்டார். நானும் திருச்சிப் பக்கம்தான் என்று நான் எழுதினேன். எங்கள் பேச்சு அப்படித் தொடங்கி, காதலில் போய் நின்றது.

அந்தக் குரல் கிடைத்த கதையை அவர் பிறகு சொன்னார். முதலில் பேச வந்த நடிகர் வில்லன் என்றதும் உறுமியிருக்கிறார். யாருக்கும் பிடிக்கவில்லை. இவருடைய அப்பா பேங்கில் இருந்து ரிட்டயரானவர், தினமும் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். உத்திர வீதி வீட்டு ஜன்னல்களில் போர்வையைக் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவரை மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார். வசனத்தை வாங்கிப் படித்துப் பார்த்த அப்பா ஒரே ஒரு திருத்தம் கேட்டாராம். "பெருமாள் பேரைச் சொல்லிண்டு ஒருத்தர் ஆத்துக் கூரையைக் கொளுத்தறதா? என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். அந்தப் பேரை எடுத்துடு." எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நெறி என்று போட்டார்கள்.

இதைக் கேட்டபோதே எனக்கு அந்த அப்பாவைப் பிடித்துவிட்டது. நல்ல மனுஷர், நம்மை ஏற்றுக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது அவர் பெங்களூரை விட்டு ஸ்ரீரங்கம் வந்துவிட்டார். நான் திருச்சி கே.கே. நகரில் ஒரு ஹாஸ்டலில் இடம் பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பற்றி வீட்டில் சொன்னார். சத்தமில்லை, சண்டை இல்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "அவ நல்ல பொண்ணாத்தான் இருப்பா. எனக்கு அவமேல ஒண்ணும் கோபம் இல்லை. ஆனா இந்த ஆத்துல அவளுக்கு இடம் இல்லை."

காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் இதை என்னிடம் சொன்னார். என்ன ஒற்றுமை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த வசனத்தை எழுதியது ஸ்ரீரங்கத்தையே பார்த்திராத ஒரு பெண்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. என் அப்பாவும் அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்தார்கள். அவர் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. எடமலைப்பட்டி புதூரில் வீடு பார்த்தோம். மாமியார் கோயிலுக்குப் போகிற வழியில், பிராகாரத்தில் ஓரமாக நின்று போன் செய்வார். சாப்பிட்டாச்சா, மழையா அங்கே, அவ்வளவுதான். மாமனார் ஒரு தடவைகூடப் பேசவில்லை. இவர் அழைத்தால் மணி அடித்து அடித்து நின்றுபோகும்.

கேம் வெளிவந்து, ஓரளவு நன்றாகவே போனது. சாயங்காலங்களில் இவர் அதைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். தன் வேலையைத் தானே ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், எப்போதும் ஓடத்துறையிலேயே பிடிபடுகிறார். அந்த விளையாட்டின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர். நாணலுக்குள் ஒதுங்கினால் தப்பிக்கலாம் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"ஏங்க, வேணும்னே மாட்டிக்கிறீங்களா?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே, "அங்க மட்டும்தானே அப்பா பேசறார்," என்றார்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே நின்றாலும் குரல் கேட்டது.

அடுத்த வருடம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. மாமியார் இந்த முறை பிராகாரத்திலிருந்து போன் செய்யவில்லை, வீட்டிலிருந்தே செய்தார். இரண்டு பேரும் வாங்கோ என்றார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போனோம். நான் அந்த வாசற்படியைத் தாண்டியது அன்றுதான்.

கூடத்தில் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது: "ஆச்சு." காபி வேண்டுமென்றாலும் ஆச்சு, கால் வலித்தாலும் ஆச்சு. இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் நின்றுவிடும், அவர் சொல்ல நினைப்பது வேறாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

இவர் குனிந்து, "அப்பா, இவதான்," என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஆச்சு," என்றார்.

மாமியார்தான், "உக்காரும்மா, வான்னு சொல்றார்," என்றார்.

அதன் பிறகு வார இறுதிகளில் போய் வந்தோம். தலையணையை நகர்த்தி வைப்பேன், துணி மடிப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் வெறுப்பு தெரியவில்லை. வேறு என்ன இருந்தது என்றும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மாமியார் இவரிடம், அப்பா பேசினது எங்கேயாவது பதிவாகியிருக்கா என்று கேட்டார். கல்யாண வீடியோக்களில் எல்லாம் நாதஸ்வரம்தான் இருக்கிறது, அவர் குரலே மறந்துடும்போல இருக்குடா என்றார். இவர் தயங்கித் தயங்கி, கேமில் இருக்கும்மா என்றார். அப்பாவுக்கும் கேக்கட்டும், என்றார் மாமியார். என்ன வசனம் என்று அவருக்குத் தெரியாது. சொல்லி நிறுத்தியிருக்கலாம். எங்கள் இருவருக்குமே அந்த நிமிஷத்தில் அது தோன்றவில்லை.

லேப்டாப்பைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தோம். இவர் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார், நான் விளையாடினேன். ஓடத்தைத் துறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். மணிச்சத்தத்தோடு நெறிக்காவலர் வந்தார்கள். கிழவர் முன்னால் வந்தார்.

"உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, மகளே."

மாமியாரின் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வரி வந்ததும் அந்தக் கை அப்படியே நின்றது. இந்தக் கரையில் உனக்கு இடம் இல்லை. கூடத்தில் அதே மனிதரின் குரல், அவருக்கு முன்னால், எனக்கு முன்னால்.

மாமனார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆச்சு," என்றார். "ஆச்சு, ஆச்சு, ஆச்சு." கண்ணிலிருந்து நீர் வழிந்து ஒரு பக்கமாகக் கோணிய வாய்க்குள் இறங்கியது. இடது கையைத் தூக்கி லேப்டாப்பை மூடப் பார்த்தார், முடியவில்லை. நான் மூடினேன். அவர் கை மூடியின்மேல் இருந்தது. என் கையும் அதன்மேல்தான் இருந்தது, கொஞ்சம் தள்ளி. இரண்டில் எதுவும் நகரவில்லை.

ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார். அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். ஒருவர் என்னிடம் வந்து, ரொம்ப மரியாதையாக, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கோங்கோ என்றார். தெருவில் குடையோடு நின்றேன். இவர் ஈர வேஷ்டியுடன் வெளியே வந்தபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து பேசினார்கள். இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். பழைய பதிவை வைத்துக் கம்ப்யூட்டரே அப்பாவின் குரலில் புது வசனங்களைப் பேசிவிடும், குடும்பம் சம்மதித்தால் போதும் என்றார்கள். இவர் முயன்று பார்ப்பதற்காக அந்த வசதியைத் திறந்தும் விட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரு கட்டம், அதில் அவர் தட்டி வைத்திருந்த ஒரு வரி: வாம்மா, உள்ள வா.

"இன்னும் பொத்தானை அமுக்கலை," என்றார். "அமுக்கினா அப்பா சொல்லிடுவார்."

அந்த மூன்று சொல்லையும் ஒரு சொல்லைப் போலப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் கத்திரிக்காய் ஈரம்.

"வேணாங்க."

"உனக்குக் கேக்கணும்னு இல்லையா?"

"இருக்கு. அவர் சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு."

அவர் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். கம்பெனிக்குச் சம்மதமில்லை என்று எழுதினார். பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

இப்போது மாமியார் மாதம் ஒருமுறையாவது எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன தடவை நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேன், நான் முதன்முதலில் அந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு என்னைப் பார்த்து அவர் என்னதான் சொன்னார் என்று.

மாமியார் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "வான்னு சொன்னார்னு நான்தாம்மா சொன்னேன்," என்றார். "நாப்பது வருஷத்துக்கு மேல அவரோட இருந்தேன். என்ன சொன்னாலும் புரிஞ்சுது. அது ஒண்ணு எனக்கும் தெரியலை."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வெயில் கடுமையாக இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் வரை நானும் கூடப் போனேன்.