வைத்திக்குப்பத்தில் எரிந்த ஒற்றை டியூப்லைட்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம், பள்ளிக்குத் தீபாவளி விடுமுறை விட்டதும் புதுச்சேரிக்குப் போனேன். அப்போது நான் திருவண்ணாமலையில் அறிவியல் ஆசிரியை. கடல் பார்க்கப் போகவில்லை. ஒரு காற்றாடியைப் பார்க்கப் போனேன். என் அக்கா கலா நெல்லித்தோப்பில் குடியிருந்தாள். அவள் கணவர் தட்சிணாமூர்த்தி மாமா லைன்மேன். "எங்க ஊர்ல ஒரு பாய் மாடியில காத்தாடி வெச்சி கரண்ட் எடுக்கறாரு, வந்து பாரு" என்று முந்தைய பொங்கலுக்கு வந்தபோது சொல்லியிருந்தார். டைனமோவைக் கரும்பலகையில் வரைந்து காட்டியே அலுத்துப் போயிருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

செஞ்சி, திண்டிவனம் வழியாக நூற்றைந்து கிலோமீட்டர். இப்போது இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அன்று நான்கு மணி நேரம் ஆனது. திண்டிவனம் தாண்டியதுமே வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "புயல்னு ரேடியோல சொன்னான்" என்றார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (அந்த மாதத்தில் அந்தக் கரைக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.)

மறுநாள் காலை மாமா சைக்கிளில் முன்னால் போக, நான் ரிக்ஷாவில் வைத்திக்குப்பம் போனேன். கூலி மூன்று ரூபாய். மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். குப்பத்தை ஒட்டிய தெருவில் கடைசி வீடு ஜாபர் பாயுடையது. பெரிய மார்க்கெட் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மொட்டை மாடியில் மரத்தில் செதுக்கிய மூன்று இறக்கைகள், அவற்றின் பின்னால் லாரியிலிருந்து கழற்றிய டைனமோ. மாடிப்படிக்குக் கீழே லாரி பேட்டரிகள் வரிசையாக இருந்தன, ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. அவற்றின் மேல் ஒரு தகரப் பெட்டி. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவது அதுதான். அதிலிருந்து கிளம்பிய ஒயர் நேராகச் சுவரில் இருந்த ப்ளக்கில் செருகியிருந்தது.

"கம்பத்துக் கரண்டும் இதுவும் மோதிக்காதா பாய்?" என்று கேட்டேன்.

"மோதும்மா. அதனால கரண்ட் போச்சின்னா மொதல்ல மெயின எறக்கிடுவேன். அப்பறந்தான் இதப் போடுவேன். என்னத் தவிர வேற யாரும் அதுல கை வெக்க மாட்டாங்க."

மெயினை இறக்காமல் பெட்டியைப் போட்டால் என்ன ஆகும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மின்சாரம் வீட்டோடு நிற்காது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அதே ஒயர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போய்விடும். ஊரே இருண்டிருக்கும். கம்பி செத்துக் கிடப்பதுபோலத் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கும்.

பாயின் மனைவி நூர்ஜஹான் டீ கொடுத்தார். உள்ளறையில் அவர்கள் மகள், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தையோடு படுத்திருந்தாள். நாங்கள் கிளம்பும்போது காற்றாடி சத்தம் போட்டுச் சுற்ற ஆரம்பித்திருந்தது. பாய்க்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எனக்கும்தான்.

மதியம் காற்று முறுக்கியது, கரண்ட் போனது. மாமா பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது ஆபீஸிலிருந்து ஆள் வந்து, "வைத்திக்குப்பத்துல கம்பி அறுந்து கெடக்குதுண்ணே" என்றார். மாமா கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். மழை சற்று ஓய்ந்ததும் அக்காவும் நானும் மெழுகுவத்தி வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தோம். மீன் விற்கும் இடம் காலியாக இருந்தது, தார்ப்பாய்கள் பிய்ந்து அடித்துக்கொண்டன. ஒரு கடையில் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டார்களைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தவர் ஜாபர் பாய்.

"பாய், நீங்க வீட்ல இல்லையா?"

"நீங்க போன பின்னாடியே வந்துட்டேம்மா. தண்ணி ஏறுது பாருங்க."

"வீட்ல கரண்ட் போயிருக்குமே. அந்தப் பெட்டிய..."

"நூர்ஜஹான் போட மாட்டா" என்றார். கையிலிருந்த மோட்டாரைக் கீழே வைத்தார். "போட மாட்டான்னுதான் நெனக்கிறேன். புள்ள இருட்டுல அழுதா என்னா பண்ணுவான்னு தெரில."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "மாமா அங்கதான்க்கா கம்பி கட்டப் போயிருக்காரு" என்றேன். அவள் முகம் மாறியதை இன்றுவரை நான் மறக்கவில்லை. மெழுகுவத்தி வைத்திருந்த பையை அப்படியே தண்ணீரில் விட்டாள்.

முதல் ரிக்ஷாக்காரர் வரமாட்டேன் என்றார். இரண்டாமவர் அக்காவைப் பார்த்துவிட்டு, "ஏறும்மா, மரம் விழுந்திருந்தா அங்கியே எறக்கிடுவேன்" என்றார். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. எதிர்க்காற்று, பாய் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடிவந்தார். பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடமெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. ஈரமான உடம்பு, ஈரமான கம்பம், இரும்புக் கம்பி. படித்ததெல்லாம் பயத்தைக் கூட்டத்தான் உதவியது.

தெருமுனையில் பூவரசு சாய்ந்து கிடந்தது. இறங்கி ஓடினோம். பட்டப்பகலிலேயே அந்தி போல இருண்டிருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. கம்பி அறுந்ததால் மற்ற வீடுகளோடு தொடர்பு விட்டுப் போயிருந்த கடைசி வீட்டு ஜன்னலில் மட்டும் டியூப்லைட் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னாலிருந்த கம்பத்தின் உச்சியில் மாமா, இடுப்பில் பெல்ட்டோடு, வீட்டுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். கூட வந்த ஆள் தெருவின் அந்தக் கோடியில் அறுந்து தனியாகக் கிடந்த கம்பியை இழுத்துக்கொண்டிருந்தார். பாய் கொல்லைப்பக்கம் ஓடி, காற்றுக்காகத் தாழிட்டிருந்த கதவை இடித்தார். "மாமா! தொடாதீங்க!" என்று கத்தினேன். காற்று என் குரலைக் கடல் பக்கம்கூட விடாமல் என் வாயிலேயே திணித்தது. மாமா கையை நீட்டினார்.

"தட்சிணாமூர்த்தி!"

கல்யாணமாகி எட்டு வருடம். அக்கா ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா இரண்டு கையாலும் ஜன்னலைக் காட்டினாள். அவர் பார்த்தார். நீட்டிய கையை மெல்ல, மிக மெல்ல, மார்போடு மடக்கிக்கொண்டார்.

பிறகு கீழே நகர்ந்து, கம்பத்தில் தொங்கவிட்டிருந்த சங்கிலியை எடுத்தார். மண்ணில் அடித்த கம்பியோடு அதன் ஒரு முனையைப் பிணைத்து, மறுமுனையை நீளக் கழியால் தெருக் கம்பிகள்மேல் போடுவார்கள். கம்பியில் கரண்ட் இருந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியது. அவசரத்தில் செய்யாமல் ஏறியிருந்தார். சங்கிலி கம்பியில் விழுந்ததும் நீலமாக ஒரு பொறி வெடித்தது. டியூப்லைட் அணைந்தது. உள்ளே குழந்தை வீரிட்டது.

மாமா இறங்கி வந்து சேற்றிலேயே உட்கார்ந்தார். நூர்ஜஹான் வாசலுக்கு வந்து, "புள்ளைக்கு மூச்சு திணர்ற மாதிரி இருந்திச்சி, முகம் பாக்கணும்னு போட்டேண்ணா, அந்த மெயின் நெனப்பே வரல" என்று அழுதார். மாமா யாரையும் திட்டவில்லை. "பாய் வூட்லதான இருப்பாரு, எறக்கியிருப்பாருன்னு நெனச்சிட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மழை விட்டதும் பாய் ப்ளக்கில் இருந்த ஒயரை வெட்டி எறிந்தார். கம்பத்துக் கரண்ட் அல்லது பேட்டரி, இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடும் இருவழி சுவிட்சை மாட்டினார். மாமா பக்கத்தில் நின்று சரிபார்த்தார். திரும்பும் வழியில், "ஊர்ல இன்னும் எத்தன வூட்ல இப்டி இருக்கோ தெரிலயே" என்றார். நான் ஊருக்குக் கிளம்பும்வரை, கரண்ட் போகும்போதெல்லாம் அக்கா வாசலில் போய் நின்று தெருவில் எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள்.

போகிறவர்களுக்கு: கடலோரத்தை நிம்மதியாகப் பார்க்க வேண்டுமானால் தை, மாசியில் போங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நெல்லித்தோப்பு நடக்கும் தூரம்தான். இப்போது அங்கே மாடிக்கு மாடி சோலார் தகடுகள், படிக்குக் கீழே பேட்டரிகள். வீட்டுக்கு வீடு மின்சாரம் செய்து தெருக் கம்பிக்கே விற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் மாட்டப் போகிறீர்கள் என்றால் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: தெருவில் கரண்ட் போனால் இது தானாகவே தெருக் கம்பியிலிருந்து விலகிக்கொள்ளுமா? விலகாது என்றால், அல்லது சொல்பவர் தயங்கினால், வாங்காதீர்கள். கம்பத்தில் ஏறுகிறவருக்கு உங்கள் வீட்டு ஜன்னல் தெரியாது.

போன வருடம் அக்கா வீட்டு மாடியிலும் தகடு போட்டார்கள். மாட்ட வந்தவர், தெரு மின்சாரம் நின்றால் மெஷினே நிறுத்திவிடும் என்று காகிதத்தைக் காட்டினார். எழுபதைத் தாண்டிய மாமா காகிதத்தை வாங்கவில்லை. தெருவில் கரண்ட் போன மாதிரி மெயினை இறக்கச் சொல்லி, மெஷினிலிருந்து மெயினுக்கு வரும் ஒயரில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கச் சொன்னார். எரியவில்லை. "வா கலா, ஒண்ணுமில்ல" என்று கூப்பிட்டார்.

அக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். "இன்னொரு வாட்டி பாருங்க" என்றாள்.