எதிர் நிறத்தில் அத்தான்

பிலிமத்தலாவையில் அக்கா வீட்டு ஹாலுக்கு நிறம் தெரிவு செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறவன் என்பதால் எனக்கு நிறங்கள் தெரியும் என்று நம்பிக்கை. அக்கா மகளை, என் மருமகளை, பெண் பார்க்க தெல்தோட்டையிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு, பகலிலும் வெளிச்சம் குறைவு. மூன்று சுவருக்கு இளமஞ்சள், நான்காவதுக்கு மட்டும் அதன் எதிர் நிறமான நீலம் என்றேன். மருமகளுக்குப் பிடித்துவிட்டது.

"அந்தச் சுவர்ல கை வைக்காதீங்க. வெள்ளையாவே இருக்கட்டும்," என்றாள் அக்கா.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும்டி."

மருமகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அதுலதான்டா ஒங்க அத்தான் வர்றாரு."

அத்தான் இளவயதில் இறந்தவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் அந்தச் சுவருக்கு எதிரே மாட்டியிருக்கும். மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அக்கா அந்த பல்பைப் போட்டுவிட்டு என்னைப் படத்தின் முன் கதிரையில் உட்காரவைத்தாள்.

"கண்ணக் கொட்டாம பாரு... இன்னும்... இப்ப திரும்பு."

வெள்ளைச் சுவரில் பச்சையாக ஒரு முகம் இருந்தது. படத்திலிருந்த இளைஞன் அல்ல. தலைமுடியும் மீசையும் வெளுத்திருந்தன.

"நரைச்சிருச்சில்ல? இருந்திருந்தா இப்ப அப்படித்தான் இருப்பாரு."

சிவப்பைப் பார்த்துச் சலித்த கண் அதன் எதிர் நிறமான பச்சையைக் காட்டும், கறுப்பைப் பார்த்த இடத்தில் வெள்ளையைக் காட்டும் என்று விளக்கினேன். மஞ்சளுக்கு நீலம் சொன்னதும் இதே கணக்குத்தான். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப பச்சை, பல்பாலதானா? சொகமில்லாம இருக்காருன்னு இத்தன நாளா பயந்துகிட்டு இருந்தேன்டா. மாநிறமா வர என்ன பல்பு போடணும்?"

நீலத்துக்கு எதிர் மஞ்சள்; மஞ்சள் இருண்டால் பழுப்பு. "நீலம்," என்றேன். சந்திக் கடையில் நானே வாங்கிவந்து மாட்டினேன்.

மறுபடி பார்த்துத் திரும்பினோம். இம்முறை சுவரில் மாநிறமான, நரைத்த, நல்ல சுகத்தோடிருக்கும் ஒரு மனிதர்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க," என்று அக்கா அவரிடம் சொல்லத் தொடங்கினாள். "பையனுக்கு கச்சேரியில அரசாங்க வேலையாம்..."

கண் போகும் இடமெல்லாம் அந்தப் பிம்பமும் போகும். அதை மறந்து அக்கா பக்கம் திரும்பிவிட்டேன். அத்தானின் முகம் அவள் முகத்தின் மேல் அளவாகப் படிந்தது. வெள்ளை மீசைக்குக் கீழே அவள் உதடுகள் அசைந்தன.

"என்னைய ஏன்டா பாக்குற? அவரு அங்கல்ல இருக்காரு."

எழுந்து குசினிக்குப் போய், மூன்று சுவர் போதும் என்று பெயின்ட் அடிக்க வரும் பாஸிடம் சொல்லச் சொன்னேன். ஏன் என்று மருமகள் கேட்டாள். ஹாலில் அக்காவின் பேச்சு நின்றது. யாரோ பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு அமைதி. பிறகு அவள் சிரித்தாள்.