பம்ப் நின்ற நேரங்கள்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் தபால்காரி உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். உம்மாவுக்கும் என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளைக்கும் நடுவில் கதை காவுவதுதான் வேலை.

எங்கள் பக்கத்தில், அதுவும் உம்மாவின் வயதுக்காரர்களிடத்தில், மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று கதைக்க மாட்டார்கள். மரியாதையாம். கலியாணம் முடித்த பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஆக, ஒரே கூரைக்குக் கீழே ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, ஒருவரையொருவர் காணாதவர்கள் போல இருவரும் வாழ வேண்டும். குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று உம்மா, "மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளு மகள்" என்பார். மச்சான் அதைக் காதாரக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் நான் போய் எதிரே நின்று அதே வசனத்தை ஒப்புவிக்கும்வரை தலையை நிமிர்த்த மாட்டார். பிறகு, "போதும் எண்டு சொல்லுங்க தங்கச்சி" என்பார். நான் கிறுகிப் போய், "போதுமாம்" என்பேன். நாலு எட்டுத் தூரத்துக்கு இவ்வளவு பெரிய தபால் கந்தோர்!

அந்தக் கந்தோரின் சட்டத்தை நானே வகுத்திருந்தேன். "கேளு மகள்", "சொல்லு மகள்" என்றோ, "சொல்லுங்க தங்கச்சி" என்றோ முடிந்தால்தான் அது தபால். அப்படி இல்லாத கதை எல்லாம் என் சொந்தக் கதை. அதை நான் ஒருவருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

மச்சானுக்குக் கட்டாரில் மெஷின் பார்க்கிற வேலை. கலியாணம் முடிந்த கையோடு போனவர், பிறகு லீவில் வந்தார். லீவென்றால் ஒருநாள் முடிய வேண்டும்தானே? இது முடிகிறதாக இல்லை. அலுமாரிக்கு மேலே ஏறிய அவருடைய சூட்கேஸில் பல்லி முட்டையிட்டது. கடைக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும், "என்ன தம்பி, லீவு எப்ப முடியிது?" என்பதே கேள்வி. "இன்னும் கொஞ்சம் இரிக்கி" என்பதே பதில். வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, அடுத்த வளவில் இருந்தவர். காலை மாலை மருந்து குடிப்பதுபோல அந்தக் கேள்வியைத் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போவார்.

உம்மா மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப முடியாது. நேரே கேட்கவும் வழக்கமில்லை. அதனால் மச்சான் வெளியே இறங்கியதும் வாப்பாவிடம் பொரிந்து தள்ளுவார். "இந்தப் புள்ள எதையோ மறைக்கிறார். களவெடுத்துப் பிடிபட்டாரோ, ஆருக்கும் அடிச்சிப் போட்டு வந்தாரோ, அல்லாஹ்தான் அறிவான். ஊடும் குடுத்து, என்ட புள்ளையையும் ஒரு கள்ளனுக்கா குடுத்தம்?" வாப்பா, "சும்மா இரி" என்பார். உம்மா சும்மா இருக்க மாட்டார்.

நான் மச்சானின் கட்சி. அவர் என்னை "வாங்க, போங்க" என்று கதைத்த ஒரே பெரிய ஆள். இவர் கள்ளனாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் மழைக்காலத்தில் வந்தது. பெருநாளுக்குக் கிட்ட எங்கள் பிரிட்ஜ் குளிராமல் போயிற்று. உம்மா தலையில் கை வைத்துவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீடு உம்மாவிடம், குளிரவைத்துக் கொடுக்கும் இனிப்பான வட்டிலப்பம் சொல்லி வைத்திருந்தது. மச்சான் பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்த குழாயை அறுத்தெடுத்தார். புதுக் குழாய் டவுனில் இல்லை. வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை பிரிட்ஜ் அறுத்த குழாயின் வாயைத் திறந்தபடி அந்த ஈரக்காற்றில் நின்றது. வாப்பா வயலில், காவல் வாடியிலேயே தங்கல். யானை இறங்குவதாகக் கதை. ராத்தா பகல் முழுக்க அட்டாளைச்சேனையில், ஆசிரியர் பயிற்சியில். வீட்டில் இருந்தது உம்மா, மச்சான், நடுவில் நான்.

குழாய் வந்து, அதை ஒட்டி முடித்த அன்று காலை உம்மா ஒரு தபால் தந்தார். "பின்னேரம் அஸருக்குள்ள சரிவராட்டி டவுன்ல இருந்து பாஸக் கூப்பிடுவன் எண்டு சொல்லு மகள்." நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சானின் முகம் கறுத்தது. அந்தத் தபாலின் பாரம் எனக்கே விளங்கியது. பிரிட்ஜ் வேலை தெரிந்த மருமகன் வீட்டில் இருக்க, வேறொரு மெக்கானிக் பாஸ் வந்து அதே பிரிட்ஜைத் திருத்தினால், அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னமே ஊர் முழுக்கக் கதை பரவும். அதற்குப் பிறகு அவர் எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவார்?

"ஓம் எண்டு சொல்லுங்க தங்கச்சி" என்றார்.

இரவல் வாங்கிய பம்ப் ஒன்றைப் பிரிட்ஜின் குழாயில் பூட்டினார். கட்டாரிலிருந்து காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்த முள் மீட்டரையும் பூட்டினார். எங்களுக்குக் கொண்டுவந்த சொக்லட் உருகிப் போயிருந்தது. அந்த மீட்டரில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கேஸ் அடைக்க வேண்டுமாம். பம்ப் போட்ட சத்தத்தில் குசினியில் தாச்சிச் சட்டிகூட அதிர்ந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய்ப் படுத்தது. மச்சான் வால்வைப் பூட்டி, பம்பை நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது. நாங்கள் இருவரும் குந்தியிருந்து முள்ளைப் பார்த்தோம்.

முள் ஏறத் தொடங்கியது.

எப்போது வந்து நின்றாரோ தெரியாது, வாசலில் சாச்சா. "லீக்! நான் அப்பவே சொன்னன். மச்சி, பாஸக் கூட்டிட்டு வரட்டா?"

மச்சி என்றது உம்மாவை. சாச்சாவோடு கதைக்க உம்மாவுக்குத் தபால் தேவையில்லை. "அஸர் வரைக்கும் பாப்பம்" என்று சீலைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. குரலில் நம்பிக்கை இல்லை. சாச்சா சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்தது. "லீக்கா மச்சான்?"

"லீக்காவும் இரிக்கலாம், இல்லாமலும் இரிக்கலாம். மழைக்குள்ள கிடந்த பாயக் கண்டிருக்கீங்களா? தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரித்தான் இரிக்கும். வெயில்ல போட்டா மணம் வரும். ஏன்? ஊறின ஈரம் பைய வெளிய வருது. இதுவும் அப்பிடித்தான். எண்ணெய்க்குள்ள, ரப்பருக்குள்ள, இரும்புட தோலுக்குள்ளயே ஈரமும் காத்தும் ஒளிச்சிக் கிடக்கும். சுத்திவர வெறுமையாக்கினா ஒவ்வொண்டா வெளிய வரும். வெளிய இருந்து ஒண்டும் உள்ள போகல்ல. உள்ளுக்கு இரிந்ததுதான் வருது."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"திரும்பத் திரும்ப உறிஞ்சணும். ஓட்டை எண்டா முள் ஒவ்வொருக்காவும் ஒரே மாதிரி ஏறும், நிக்காது. ஊறினது எண்டா, வர வரக் குறைஞ்சி, ஒரு இடத்துல நிண்டிரும். பொறுமைதான் வேணும்."

இதை அவர் "சொல்லுங்க தங்கச்சி" என்று முடிக்கவில்லை. எனவே நான் தபாலில் சேர்க்கவில்லை.

மறுபடி பம்ப் ஓடியது. பிரிட்ஜின் அடியிலுள்ள கறுத்த உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பல்பைக் கொளுத்தி வைத்தார். சூடு பட்டால் ஒளிந்திருப்பது கெதியாக வெளியே வருமாம். மறுபடி நிறுத்தினார். முள் ஏறியது, ஆனால் முன்னைப்போல ஓட்டமாக இல்லை. அந்த அமைதியில், மீட்டரைப் பார்த்தபடியே, மச்சான் கதைக்கத் தொடங்கினார்.

"கட்டார்ல நாங்க பாத்தது பெரிய இரும்புப் பெட்டி தங்கச்சி. ஒரு லொறியே உள்ளுக்கு நிக்கும். உயரமான கட்டடத்துக் கண்ணாடிக்கெல்லாம் அதுக்குள்ள வெச்சித்தான் பூச்சுப் பூசுற. காத்து இரிக்கவே கூடா. கையுறை போடாம ஆரும் உள்ளுக்குத் தொடக் கூடா. விரல்ல இரிக்கிற எண்ணெய் பட்டாலும் போதும், அது நாட்கணக்கா ஆவி விட்டுக்கிட்டே இரிக்கும்."

முழங்காலும் முழங்காலும் முட்ட இருந்தோம். அவரோ, பள்ளியில் பயான் பண்ணுகிறவர் மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், நான் செவிடா? பையக் கதைங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பம்பைப் போட்டார்.

பம்ப் ஓடும்போது ஒரு சொல் கதைக்க மாட்டார். நானும் எத்தனையோ தரம் "மறுகா? மறுகா?" என்று பிடித்து உலுப்பினேன். "பொறுங்க, நிக்கட்டும்" என்றார். நல்ல கதையை வைத்துக்கொண்டு இப்படி இழுத்தடிக்கும் மனிதரை நான் கண்டதில்லை.

நின்றது. குசினியில் தேங்காய் திருவும் சத்தமும் நின்றுவிட்டிருந்ததால் வீட்டில் மழைத்தூறல் மட்டும்தான் கேட்டது. முள் மெல்ல அசைந்தது.

"ஒரு நாள் அந்தப் பெட்டிக்கு முள் இறங்கல்ல" என்றார் மச்சான், முன்னைவிடச் சத்தமாக. "லீக் எண்டாங்க. காரைதீவுப் பொடியன் ஒருத்தன், என்னோட ஒரே அறையில இரிந்தவன், அவன்தான் வெல்டிங் ஒட்டு வேலை. அவன்ட ஒட்டுத்தான் பிழை எண்டு ஊருக்கு அனுப்பப் பாத்தாங்க. எனக்குத் தெரியும், லீக் இல்ல. உள்ளுக்கு ஒரு வயருக்கு, அவசரத்துக்கு, கடையில விக்கிற சாதாரண டேப்ப நான் சுத்தியிருந்தன். அந்த டேப்தான் ஆவி விட்டுக்கிட்டு இரிந்திச்சி."

"மறுகா?"

"அந்தப் பொடியன் ரெண்டு இரவு சோறு தின்னல்ல. மறுகா, நான்தான் டேப் சுத்தினன் எண்டு போய்ச் சொன்னன். அவன் வேலையில நிண்டான். என்ன அனுப்பிட்டாங்க." அவர் தொண்டையைச் செருமினார். "நான் லீவுல வரல்ல தங்கச்சி. களவெடுக்கல்ல, ஆருக்கும் அடிக்கல்ல. அவசரத்துல ஒரு பிழை செஞ்சன், அத ஒத்துக்கிட்டன். இந்த ஊட்டுல அத எப்பிடிச் சொல்ற எண்டு தெரியாம லீவு லீவு எண்டு இரிக்கன். டவுன்ல சின்னதா ஒரு கடை போட்டா உழைச்சித் திங்கலாம். கேக்கத்தான் வெக்கமா இரிக்கி."

அவருடைய கண் கலங்கியிருந்தது. பெரியவர் ஒருவர் எனக்கு முன்னால் அழுவது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பெரிய விஷயம், அதை என்னிடம் போய்ச் சொல்கிறாரே!

"உம்மாக்குச் சொல்லட்டா மச்சான்?"

அவர் ஒரு தரம் கதவுச் சீலையைப் பார்த்தார். "தேவல்ல தங்கச்சி. நீங்க சொல்லத் தேவல்ல."

அதாவது, இரகசியம். நான் வாயை இறுக மூடித் தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் சென்று சீலைக்குப் பின்னாலிருந்து, "மகள்" என்று உம்மா கூப்பிட்டார். வெங்காயம் உரித்த மாதிரி மூக்கடைத்த குரல். நான் போனேன். பெருநாளைக்கு மட்டும் வெளியே எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் பால் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். "இதக் குடு. ஒரு அவசரமும் இல்லையாம், ஆறுதலாச் செய்யட்டாம் எண்டு சொல்லு மகள்."

தபால் சேர்ப்பித்தேன். மச்சான் கோப்பையை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் குடித்தார். ஆற விட்டால் ஆடை படியும் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த தரம் பம்ப் நின்றபோது முள் கொஞ்சம் ஏறி, சோம்பல் முறித்ததுபோல ஓர் இடத்தில் நின்றுவிட்டது. நான் கண் வெட்டாமல் பார்த்தேன். அசையவே இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சான். கேஸ் அடைத்தார். பிரிட்ஜ் உறுமி, பிறகு சாதுவாக இரையத் தொடங்கியது.

அஸர் பாங்குக்கு முன்னமே சாச்சா சைக்கிளோடு வாசலில் நின்றார். பாஸைக் கூட்டிவர அவருக்குத்தான் எவ்வளவு ஆசை!

"பாஸ் வேணாம் தம்பி" என்றார் உம்மா. "எங்கட ஊட்டுலயே பாஸ் இரிக்கார்."

சாச்சாவுக்கு ஏமாற்றம். போகிற போக்கில் தன் மருந்தைக் குடிக்க மறக்கவில்லை. "நல்லம், நல்லம். அப்ப மருமகன்ட லீவு எப்ப முடியிதாம்?"

"அவர் லீவுல வரல்ல" என்றார் உம்மா. குரல் பெரிதாகவே இருந்தது. "இனி இஞ்சதான். டவுன்ல ஒரு சின்னக் கடை பாக்கணும். நல்ல இடமாப் பாத்துச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சானைப் பார்த்தேன். அவர் பிரிட்ஜின் பின்பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. என் வாயிலிருந்து ஒரு சொல் போகவில்லை, அது சத்தியம். ஆக, சாச்சாவின் வாயை அடைக்க உம்மா வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருக்கிறார். அது தற்செயலாக உண்மையோடு பொருந்திவிட்டது. உம்மாவின் அதிர்ஷ்டம் அப்படி.

அன்று படுக்கும்போது உம்மா பக்கத்தில் வந்து சாய்ந்து, என் தலையைக் கோதினார். "மச்சான் இண்டைக்கு உன்னோட சுணங்கிச் சுணங்கி என்ன மகள் கதைச்ச?"

"ஒண்டுமில்ல. பிரிட்ஜப் பத்தி."

உம்மா இருட்டில் சிரித்தார். என்னை இழுத்து அணைத்து நெற்றியில் கொஞ்சினார். என்ன சிரிப்பு என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் இரகசியம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், மறுபக்கம் திரும்பி, குறட்டை விடுவதுபோல நடித்தேன்.